"கத்தவே இல்லையே.. அப்போ சம்மதம்தானே?" சட்டம் சொல்வது என்ன?

அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தபோது, குற்றவாளியைவிட மாணவியை நோக்கித்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள் பலர். "ராத்திரி அங்க என்ன வேலை? ஏன் சத்தம் போடல?" இந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? பார்க்கலாம்.

என்ன நடந்தது?

2024 டிசம்பர் 23 இரவு. கிண்டி வளாகத்துக்குள் நண்பருடன் இருந்த மாணவியை, வீடியோ எடுத்திருப்பதாக மிரட்டி வன்கொடுமை செய்தார் ஞானசேகரன். மாணவி கோட்டூர்புரம் போலீசில் புகார் கொடுத்தார். ஆனால் அவரது விவரங்களோடு எஃப்.ஐ.ஆர் இணையத்தில் கசிந்தது.

டிசம்பர் 28-ல் சென்னை உயர் நீதிமன்றம், 3 பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு ரூ.25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர் மீதே பழி போடும் விதத்தில் எஃப்.ஐ.ஆர் எழுதப்பட்டிருப்பதாகக் கண்டித்தது.

2025 ஜூன் 2-ல் சென்னை மகளிர் நீதிமன்றம் ஞானசேகரனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு கிடையாது.

சம்மதம்னா என்ன?

பாரதிய நியாய சன்ஹிதா 63-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு ஒரு பெண் தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ தெளிவாகத் தெரிவிப்பதுதான் சம்மதம். நண்பரோடு உட்கார்ந்து பேசியது வேறு யாருக்கும் எந்த உரிமையும் தராது. மிரட்டல் வந்துவிட்டால் 'தானாக முன்வந்து' என்ற பேச்சுக்கே இடமில்லை.

எதிர்த்துப் போராடலைன்னா?

உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பயத்தில் உடம்பு உறைந்து போகலாம், குரல் எழும்பாமல் போகலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் சம்மதமே செல்லாது.

ஒரு ஓட்டையும் இருக்கு

18 வயது நிறைந்த மனைவியைக் கணவர் கட்டாயப்படுத்தினால், இந்தப் பிரிவின் கீழ் அது வன்கொடுமை ஆகாது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை மனுக்கள் போயிருக்கின்றன.

தெரிஞ்சு வச்சுக்கோங்க

• எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'எங்க லிமிட் இல்ல'ன்னு திருப்பி அனுப்ப முடியாது.
• தனியார் மருத்துவமனையும் உடனடி சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும்.
• பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை. அந்த மாதிரி மெசேஜ் உங்க குரூப்புக்கு வந்தால் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.
• பெண்கள் உதவி எண்: 181