இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

அப்பா அம்மா ஊர்ல, பிள்ளைங்க வெளிநாட்டுல. இந்த ஏற்பாட்டுல நம்ம வேலை என்ன ஆகிப்போச்சு தெரியுமா? எது ரிப்பேர் ஆனாலும் பணம் அனுப்பறது. ஃப்ரிட்ஜா, அனுப்பு. போர் மோட்டாரா, அனுப்பு. பழைய காரா, "அதைத் தள்ளி விட்டுட்டு புதுசு எடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்." எவ்வளவு ஆகும்னு கேட்கிற ஆள்தான் இருக்கோமே தவிர, என்ன கோளாறுன்னு கேட்கிற ஆள் இல்லை. இந்தப் பழக்கத்தைத் திட்டறதுக்குத்தான் இந்தப் பதிவு. நான் மஸ்கட்டில் வங்கி வேலை, படிச்சது பி.காம். கார் விஷயத்துல உனக்கென்ன தகுதின்னு கேட்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கேளுங்க.

சித்தூர்ல அப்பாகிட்ட ஒரு பிரீமியர் பத்மினி இருக்கு. ஃபியட் 1100ஓட நேர் வாரிசு. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஒரே ஒரு சோலக்ஸ் கார்புரேட்டர். மும்பை டாக்ஸியா ஓடினதும் இதேதான், 2023 அக்டோபரோட அங்கே அது ஓய்வு பெற்றது. எங்க வீட்டு வண்டி இன்னும் ஓய்வு பெறலை. மாசம் ஒரு தடவை பூதலப்பட்டு, சந்திரகிரி வழியா திருப்பதி வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் போகும். அலிபிரியில வண்டியை நிறுத்திட்டு அப்பாவும் அம்மாவும் பஸ்ல மலை ஏறுவாங்க. யார் தயவும் இல்லாம அவங்க போய் வர்ற பயணம் இது ஒண்ணுதான் பாக்கி. அதனால இது வெறும் கார் பிரச்சினை இல்லை.

கோளாறு இதுதான். ஐடில்ல நல்லா நிக்குது. கியர் மாத்தி மிதிச்சா பிக்கப் இருக்கு. மதனப்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ பாகராப்பேட்டை காட் ரோட்டுல முக்கல் முனகல் இல்லாம ஏறிடுச்சு. ஆனா சமதரையில 60, 65ல காலை லேசா வச்சு ஒரே சீரா ஓட்டினா முன்னும் பின்னும் உலுக்குது, மிஸ்ஸிங் அடிக்குது. இன்னும் கொஞ்சம் மிதிச்சா உலுக்கல் நின்னுடுது.

மூணு பேர் பாத்தாங்க. முதல் ஆள், "இன்ஜின் அயிபோயிந்தி சார், ஓவராலிங் செய்யாலி", 48,000 ரூபாய். ரெண்டாவது ஆள், கார்புரேட்டரையே மாத்தணும். மூணாவது ஆள், "எல்லாம் எத்தனால் பண்ற வேலை சார், ஒண்ணும் பண்ண முடியாது, வித்துடுங்க." மூணு பேர்ல ஒருத்தரும் வண்டியை எடுத்து பூதலப்பட்டு வரைக்கும் ஓட்டிப் பாக்கலை. எந்த வேகத்துல உலுக்குது, அப்போ கால் எவ்வளவு மிதிச்சிருக்குன்னு கேட்கக்கூட இல்லை.

வங்கியில டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகலைன்னா புது லெட்ஜர் வாங்கி மொதல்லேர்ந்து எழுதுவோமா? எந்தத் தேதி வரைக்கும் ஒத்துப்போச்சு, எங்கேர்ந்து விலகுதுன்னுதான் தேடுவோம். கார்லயும் அதே கணக்குதான். காட் ரோடுங்கறது நமக்கு இலவசமாக் கிடைக்கிற பரிசோதனை. கம்ப்ரஷன் போயிருந்தா, பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தா, காயில் சூட்டுல படுத்திருந்தா, அந்த ஏத்தத்துலதான் முதல்ல பல்லிளிக்கும். ஏத்தத்துல நல்லாருந்து சமதரையில உலுக்கற வண்டிக்கு ஓவராலிங்னா, பரீட்சையில பாஸ் பண்ணின பையனை ஃபெயில்னு சொல்ற மாதிரிதான்.

அப்போ கோளாறு எங்கே? காலை லேசா வச்சிருக்கும்போது த்ராட்டில் கொஞ்சம்தான் திறந்திருக்கும், இன்டேக்ல உறிஞ்சற வேகம் அதிகம். எங்கேயாவது சின்ன ஓட்டை இருந்தா அது வழியா வேண்டாத காத்து உள்ளே போகும், கலவை மெலிஞ்சிடும். முழுசா மிதிச்சா காத்து மொத்தமா வாசல் வழியா வரும், அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. "ஓட்டை இருந்தா ஐடில்லயும் தெரியணுமே"ன்னு கேட்பீங்க. தெரியும்தான். ஆனா ஐடில் ஸ்க்ரூவைத் திருகி அதை மறைச்சிடலாம், எல்லாரும் செய்யற வேலை. 60ல போகும்போது பெட்ரோல் வர்றது மெயின் ஜெட் வழியா. அந்த ஸ்க்ரூவோட அதிகாரம் அங்கே செல்லாது.

ஊர்ல இருக்கறவங்களைச் செய்யச் சொல்லுங்க, பைசா செலவு இல்லை:

1. உலுக்கற வேகத்துல சோக்கைக் கொஞ்சமா இழுங்க. உலுக்கல் நின்னா கலவை மெலிஞ்சிருக்கு. மாறவே இல்லைன்னாலோ மோசமானாலோ இக்னிஷன் பக்கம் போங்க.

2. அதே வேகத்துல கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணி, ஆறினதும் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பிஸ்கட் கலர்னா சரி. வெளுத்திருந்தா பெட்ரோல் போதலை. கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி.

3. இன்ஜின் ஐடில்ல ஓடும்போது கார்புரேட்டர் அடி கேஸ்கட், மேனிஃபோல்ட் சேர்ற இடம், ரப்பர் குழாய் இங்கெல்லாம் சோப்புத் தண்ணி சொட்டு விடுங்க. சத்தம் மாறினா ஓட்டை அங்கேதான். பெட்ரோல் தெளிச்சுப் பாக்கற வீரத்தை யாரும் காட்ட வேண்டாம். த்ராட்டில் ஷாஃப்டைக் கையால ஆட்டியும் பாருங்க. தேஞ்சு ஆடினா அதுவும் காத்து ஓட்டைதான்.

4. இக்னிஷன் பக்கம்னா பாயின்ட் இடைவெளி, கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஆட்டம். வாக்குவம் அட்வான்ஸ் உள்ள வண்டின்னா, அம்பாசிடர்காரங்க கவனிக்க, உள்ளே பாயின்ட்டுக்குப் போற சின்ன ஒயரைப் பாருங்க. சீரா போகும்போதுதான் அந்தத் தட்டு நகரும். ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்தா அப்போ மட்டும் விட்டு விட்டு வரும்.

ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்தணும். பிளக், பாயின்ட், ஜெட் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா வண்டி சரியாகலாம், ஆனா எதனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை மறுபடி எல்லாத்துக்கும் காசு.

அப்பாவுக்கு இதையெல்லாம் போன்ல சொன்னேன். சோக்கை இழுத்ததும் உலுக்கல் நின்னது. பிளக் நாலும் வெளுப்பு. சோப்புத் தண்ணியில கார்புரேட்டர் அடி கேஸ்கட் மாட்டிக்கிச்சு. அதை மாத்தினதும் முக்கால்வாசி போயிடுச்சு.

மிச்சக் கால்வாசி? அங்கேதான் மூணாவது ஆள் சொன்னது பாதி சரி. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில ஆரம்பிச்சு, 2025ல நாடு முழுக்க பரவிடுச்சு. வேற தெரிவு வேணும்னு போட்ட மனுவையும் 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஈ20க்கு சுமார் 13.5. புது வண்டியில சென்சார் பாத்து கம்ப்யூட்டர் சரிக்கட்டிடும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. பழைய ஜெட்டோட ஓடினா கலவை 8 சதவீதம் மெலியுது.

"ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறது மட்டும் பொய். சோலக்ஸ் ஜெட்டுல இருக்கற எண் துவாரத்தோட அளவு, மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்குக் கணக்கு. உதாரணத்துக்கு 115ஐ எடுத்துட்டு 120 போட்டா துவாரத்தோட பரப்பு 9 சதவீதம் கூடும். 8 குறைஞ்ச இடத்துல 9. இதுக்கு எட்டாங்கிளாஸ் கணக்கு போதும் :-) ஜெட்டை ஒரு படி ஏத்தினதும் மிச்ச உலுக்கலும் போயிடுச்சு. கேஸ்கட்டும் ஜெட்டும் சேர்த்து 500 ரூபாய்க்குள்ள. பழைய ரப்பரை எத்தனால் அரிக்கும்கறதால பெட்ரோல் குழாய்களையும் மாத்தச் சொன்னேன், அது தனிச் செலவு.

மெக்கானிக்குங்க எல்லாரும் திருடங்கன்னு சொல்ல வரலை. காதால கேட்டே கண்டுபிடிச்ச பெரியவங்க கடையை மூடிட்டாங்க. புதுப் பசங்க ஸ்கேனரோட வளர்ந்தவங்க, பத்மினியில ஸ்கேனர் சொருக ஓட்டை கிடையாது. ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். தெரியாததுக்கு 48,000 ரூபாய் பில் போடக்கூடாது.

பழைய கார் ஆபத்து, புகை அதிகம்னு சொல்றவங்களோட எனக்குச் சண்டை இல்லை. விக்கணும்னா அந்தக் காரணத்தைச் சொல்லி வித்துடுங்க. கோளாறு என்னன்னே தெரியாம, பயந்துபோய் விக்காதீங்க. அடுத்த தடவை ஊர்லேர்ந்து போன் வந்தா, "எவ்வளவு கேட்கறான்?"னு ஆரம்பிக்காதீங்க. "எப்போ உலுக்குதுப்பா? கால் எவ்வளவு மிதிச்சிருந்தீங்க?"னு கேளுங்க. பணம் அனுப்ப ரெண்டு நிமிஷம் போதும். இதைக் கேட்க அரை மணி நேரம் ஆகும். அவங்களுக்கு நம்மகிட்டேர்ந்து வேண்டியதும் அந்த அரை மணி நேரம்தான்.