இரண்டு மிதிகளும் ஒரே வேளையில்

மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிற எவருக்கும் முதல் நாளே சொல்லப்படுகிற பாடம், பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே வலது காலால்தான் மிதிக்க வேண்டும் என்பது. ஒன்றை மிதிக்கிற கால் அதே வேளையில் மற்றொன்றை மிதிக்க இயலாது என்கிற அந்த எளிய ஏற்பாட்டிலேயே ஒரு பெரிய பாதுகாப்பு அடங்கியிருக்கிறது என்பதைக் கற்றுக்கொடுக்கிறவரும் விளக்குவதில்லை, கற்றுக்கொள்கிறவரும் கேட்பதில்லை. ஆயினும் பந்தய உலகத்தில் இந்தச் சம்பிரதாயத்தை மீறி, இடது காலைப் பிரேக்கின் மீதும் வலது காலை ஆக்ஸிலரேட்டரின் மீதும் வைத்து, இரண்டையும் ஏககாலத்தில் மிதிக்கிற வித்தை ஒன்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகிறது. இப்பொழுது அது பந்தயத் தளங்களைக் கடந்து, ஸ்டீயரிங்கும் பெடல்களும் வாங்கி மேஜையில் பூட்டிக்கொண்டு கணினித் திரைக்கு முன்னால் கார் ஓட்டுகிற இளைஞர்களின் அறைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களிடையே இது வித்தையா, மோசடியா என்ற சர்ச்சையும் ஓய்ந்தபாடில்லை. வித்தைதான் என்பது என் கட்சி. ஆனால் அதற்குரிய விலையை வசூலிக்காத ஸிமுலேட்டர் அதைப் பாதியளவே கற்பிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வித்தை பேர்பெற்றது வடக்கு ஐரோப்பியரின் கால்களால். 1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஸ்வீடன் தேசத்து ஸாப் 96 என்னும் கார், மூன்று சிலிண்டர்களும் 841 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒன்றோடு ராலிப் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்தது. சக்தி சொற்பம், வேகம் ஒரு முறை விழுந்துவிட்டால் அதை மீட்பது பகீரதப் பிரயத்தனம். அன்றியும், பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே என்ஜினின் உள்ளுறுப்புகளுக்கு மசகாக இருந்தபடியால், ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு என்ஜினை வேகமாகச் சுழல விடுவது அதற்கு ஆகாத காரியம். ஆகவே எரிக் கார்ல்ஸன் என்ற ஆஜானுபாகுவான ஸ்வீடன்காரர், திருப்பங்களில் வலது காலை எடுக்காமலே இடது காலால் பிரேக்கை மிதித்து ஓட்டலானார், பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை 1960, 1961, 1962 என்று தொடர்ந்து மூன்று முறையும், மான்டி கார்லோ ராலியை 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார். மினி கூப்பர் ஓட்டிய பின்லாந்துக்காரர்களான டிமோ மாகினெனும் ராவ்னோ ஆல்டோனெனும் இதே முறையைப் பனியிலும் சரளையிலும் மேலும் செம்மைப்படுத்தினார்கள். முன்னவர் 1965-இலும் பின்னவர் 1967-இலும் மான்டி கார்லோவில் வெற்றி பெற்றார்கள்.

இதன் தத்துவம் கடினமானதன்று. ஸாபிலும் மினியிலும் என்ஜினின் சக்தி முன்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. பிரேக்கோ நான்கு சக்கரங்களையும் பிடிக்கிறது. இரண்டையும் ஒருசேர மிதித்தால், முன்சக்கரங்களில் என்ஜின் பிரேக்கோடு மல்லுக்கட்டி அவற்றை உருட்டிக்கொண்டே இருக்க, பின்சக்கரங்கள் மட்டும் பிரேக்கின் பிடியில் முழுவதுமாக அகப்பட, பாரம் முன்னால் சாய்ந்து பின்புறம் இலேசாகிச் சறுக்க, அதுகாறும் நேராகத்தான் போவேன் என்று அடம் பிடித்த வண்டி திருப்பத்துக்குள் மூக்கை நுழைக்கிறது. 1980-களில் டர்போ என்ஜின்கள் வந்தபோது இதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. என்ஜினிலிருந்து வெளியேறும் வாயுவினால் சுழலும் டர்பைன், ஆக்ஸிலரேட்டரை விட்ட மாத்திரத்தில் வேகம் தணிந்து, மறுபடி மிதித்த பிறகும் தாமதித்தே விழித்துக்கொள்ளும் சுபாவம் உடையதாகையால், ஆடி குவாட்ரோவை ஓட்டிய வால்டர் ரோர்ல் போன்றவர்கள் அந்தச் சுழற்சியைக் காப்பாற்றும் பொருட்டே பிரேக் பிடிக்கும்போதும் வலது காலை அழுத்தியே வைத்திருந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 1997-இல் நிகழ்ந்தது. பார்முலா ஒன் பந்தயங்களைப் படம் பிடித்து வந்த டேரன் ஹீத் என்ற புகைப்படக்காரர், மெக்லாரன் கார்களின் படங்களில் ஒரு விநோதத்தைக் கண்டார். திருப்பத்தை விட்டு வெளியேறி வேகம் பிடிக்க வேண்டிய இடத்தில், பிரேக்குக்கு வேலையே இல்லாத அந்த இடத்தில், பின்சக்கரத்தின் பிரேக் தட்டு செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. சந்தேகம் மனத்தை அரிக்க, அவர் தக்க தருணத்துக்குக் காத்திருந்தார். நூர்பர்க்ரிங்கில் நடந்த லக்ஸம்பர்க் கிராண்ட் ப்ரீயில் இரண்டு மெக்லாரன்களும் பழுதாகி நின்றபோது, மிகா ஹாக்கினென் விட்டுச் சென்ற வண்டியில் கால் வைக்கும் குழிக்குள் காமிராவை நுழைத்துப் படம் எடுத்துவிட்டார். அதில், இருக்க வேண்டியதற்கு அதிகமாக ஒரு பிரேக் பெடல் இருந்தது! பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் பிடிக்கும் அந்தப் பெடலை, ஆக்ஸிலரேட்டரையும் மிதித்துக்கொண்டே மிதித்து, திருப்பத்தில் வெளிப்புறமாக விலகப் பார்க்கும் வண்டியை ஓட்டுநர்கள் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு பிரேஸில் பந்தயத்தின்போது பிற அணிகளின் ஆட்சேபத்தின் பேரில் நடுவர்கள் அந்த உபாயத்தைத் தடுத்துவிட்டார்கள். தடை வந்த அதே பந்தயத்தில் மெக்லாரன் முதல் இரண்டு ஸ்தானங்களையும் பிடித்தது வேறு கதை. வாசகர் இங்கே கவனிக்க வேண்டியது அந்தத் தட்டின் செந்நிறத்தை. ஓட்டுநருக்குக் கிடைத்த லாபத்துக்கு உஷ்ணமாகவும் தேய்மானமாகவும் எரிபொருள் விரயமாகவும் கொடுக்கப்பட்ட விலையே அந்த நிறம்.

ஸிமுலேட்டரில் அந்தத் தட்டு சிவப்பதில்லை. சிவப்பதாக வரைந்து காட்டினாலும் பல சமயம் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஒரு காலத்தில் இந்தப் பிரச்னை எழவே வழியில்லாதிருந்தது: பழைய கணினி விளையாட்டு ஸ்டீயரிங்குகள் பலவற்றில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே அளவுகோலின் இரு முனைகளாகக் கணினிக்குத் தெரிவிக்கப்பட்டமையால், இரண்டையும் சமமாக மிதித்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, எதையுமே மிதிக்கவில்லை என்று கணினி எண்ணிக்கொள்ளும். பெடல்கள் தனித்தனியே தெரிவிக்கப்படத் தொடங்கிய பிறகுதான் இந்த யுக்தி கண்டுகொள்ளப்பட்டது. பின்சக்கர இயக்கமுள்ள பந்தயக் காரில், பலமாகப் பிரேக் மிதித்துத் திருப்பத்துக்குள் நுழைகையில் ஆக்ஸிலரேட்டரையும் சிறிது அழுத்தி வைத்தால், என்ஜின் பின்சக்கரங்களை உருட்டிக்கொண்டே இருப்பதனால் அவை பூட்டிக்கொள்வதில்லை. வாலை வீசிச் சுழல வேண்டிய வண்டி பரம சாதுவாகத் திரும்புகிறது. மெய்யான பந்தயத் தளத்திலும் இது பலிக்கக்கூடியதே. ஆனால் அங்கே சில சுற்றுகளுக்குள் பிரேக் காய்ந்து பிடிப்பு தளரும், பிரேக் திரவம் கொதித்தால் பெடல் தரை வரைக்கும் இறங்கும், பெட்ரோல் கணக்கு இடிக்கும்; எல்லாவற்றுக்கும் மேலாக, தோளையும் விலாவையும் அழுத்துகிற விசையும், சுவர் நெருங்குகிறது என்ற பயமும் ஓட்டுகிறவரை எச்சரித்துக்கொண்டே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

இதைக் கண்டு வெகுண்டு, இரண்டையும் மிதித்த கணமே என்ஜினின் சக்தி நின்றுவிடும்படி விளையாட்டை அமைத்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மெய்யான வண்டியில் அந்தத் துண்டிப்பு இருக்குமானால் திரையிலும் இருக்கட்டும். இல்லாத வண்டியில் அதைப் புகுத்துவது, கார்ல்ஸனும் மாகினெனும் ஓட்டிய முறையையே பொய்யென்று சாதிப்பதாகும். உஷ்ணத்தையும் தேய்மானத்தையும் உள்ளபடி கணக்கிட்டுக் காட்டுவதே நியாயமான பரிகாரம். பிரேக் தீய்ந்து இரண்டொரு முறை பந்தயத்தைத் தோற்றவருக்கு வேறு உபதேசம் தேவைப்படாது. ஸிமுலேட்டர் வெறும் விளையாட்டு என்று அலட்சியமாகப் பேசுவோரோடும் நான் சேரவில்லை. கிரான் டூரிஸ்மோ விளையாடித் தேர்வாகி, 2008-இல் ஜிடி அகாடமியின் முதல் வெற்றியாளரான ஸ்பெயின் தேசத்து லூகாஸ் ஓர்டோனெஸ், 2011-ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாவதாக வந்தார். ஆனால் திரையிலிருந்து அவரை யாரும் நேரே லெ மானுக்கு அனுப்பிவிடவில்லை. இடையில் மெய்யான கார்களில் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள்.

நம்மில் பெரும்பாலோர் ஓட்டப்போவது லெ மானில் அல்லவே. சாலையில் இரண்டு மிதிகளும் ஒருசேர அழுந்தினால் என்ன ஆகும் என்பதற்கு, 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸான் டியாகோ அருகே நடந்த விபத்து ஒரு கொடிய சாட்சி. பொருந்தாத தரைவிரிப்பு ஒன்று ஆக்ஸிலரேட்டரைச் சிக்க வைத்துவிட, டொயோட்டாவின் லெக்ஸஸ் கார் ஒன்று நிறுத்த முடியாத வேகத்தில் ஓடி, அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். நெடுநேரம் பிரேக் மிதிக்கப்பட்டு அது தீய்ந்திருந்ததைப் பின்னர் பரிசோதித்தவர்கள் கண்டார்கள். பெட்ரோல் காரில் பிரேக்குக்குப் பலம் சேர்ப்பது என்ஜின் உறிஞ்சுவதனால் உண்டாகும் வெற்றிடம். ஆக்ஸிலரேட்டர் முழுதும் அழுந்தியிருக்கையில் அந்த வெற்றிடம் புதிதாக உண்டாவதில்லை, சேமிப்பில் உள்ளதும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பின் பெடல் கல்லாகிவிடும். அந்த விபத்துக்குப் பிறகே டொயோட்டா, பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலரேட்டரின் கட்டளையைப் புறக்கணிக்கும் அமைப்பைத் தன் புதிய கார்களில் பரவலாகச் சேர்த்தது. மாணவர்கள் தாமே கார் கட்டிப் போட்டியிடும் பார்முலா எஸ்.ஏ.இ. விதிகளும், மின்சார வண்டியில் பிரேக் பிடித்திருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் 25 சதவீதத்துக்கு மேல் அழுந்தினால் மோட்டாரின் சக்தி நின்றுவிட வேண்டும், அந்த அழுத்தம் 5 சதவீதத்துக்குக் கீழே வந்தாலொழியச் சக்தி திரும்பக் கூடாது என்று கூறுகின்றன. அதே மரபில் வந்த பார்முலா பாரத் போட்டி நம் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலேயே நடப்பதால், இந்த ஏற்பாட்டின் தாத்பரியத்தை அறிந்த பொறியியல் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கிளட்ச் இல்லாத கார்கள் பெருகிவரும் இந்நாளில், கிளட்சையே அழுத்திப் பழகிய இடது கால் வேலையற்றுப் போய், திரையில் கற்ற ஞாபகத்திலோ திடீர்ப் பதற்றத்திலோ பிரேக்கின் மீது பாயும் அபாயம் அதிகரித்திருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த மத்திய அரசின் விதிகளின்படி, அங்கீகாரம் பெற விரும்பும் ஓட்டுநர் பயிற்சி மையங்கள் ஸிமுலேட்டர் வைத்திருக்க வேண்டும். அவ்வாறு வாங்குகிறவர்கள் திரையின் அழகையும் நாற்காலியின் சொகுசையும் பார்ப்பதோடு நில்லாமல், பயிலுகிறவர் இரண்டு மிதிகளையும் ஒருசேர மிதித்தால் அந்தத் தருணத்தையும் அழுத்தத்தின் அளவையும் குறித்துக் காட்டுகிற இயந்திரத்தையே கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குறிப்பைப் பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் மாணவரோடு உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். பெடல்களின் அழுத்தம் ஏற்கெனவே எண்களாகக் கணினிக்குள் போய்க்கொண்டிருப்பதால், இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.