சப்டைட்டிலில் எந்த வார்த்தை?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சின்னக் குறும்படம் ஒன்று. அதில் ஒரு பாட்டி 1948ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுகிறார். கீழே சப்டைட்டில் போட வேண்டும். எடிட்டிங் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு யூத மாணவி, ஒரு அரபு மாணவன். 'சுதந்திரப் போர்' என்பது அவள் பள்ளியில் படித்தது. 'நக்பா', அதாவது பேரழிவு என்பது அவன் வீட்டில் கேட்டு வளர்ந்தது. இஸ்ரேல் பிறந்ததும் அந்த ஆண்டுதான். சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்ததும் அந்தப் போரில்தான். திரையில் இருப்பதோ ஒரே ஒரு வரிக்கான இடம்!

யூத, அரபு டீன் ஏஜ் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் படம் எடுக்கச் சொல்லும் பயிற்சி முகாம்களின் சூட்சுமமே இந்த இடநெருக்கடிதான். வட்டமாக உட்கார்ந்து, 'எல்லோரும் மனிதர்கள்தானே' என்று பேசிவிட்டு, டீ குடித்துக் கலைவது சுலபம். படம் அப்படி விடாது. யாருடைய வீட்டில் ஷூட்டிங், எந்தக் காட்சியை வெட்டுவது, யார் பேசும்போது பின்னணி இசையை நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். நட்பு வராவிட்டாலும் பரவாயில்லை, முடிவு வந்தே ஆக வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு புதிது என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. இஸ்ரேல் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபு இனத்தவர். ஆனால், பெரும்பாலும் யூதப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு பள்ளி, அரபுப் பிள்ளைகளுக்கு அரபுப் பள்ளி. 1998இல் தொடங்கிய 'ஹேண்ட் இன் ஹேண்ட்' போன்ற இருமொழிப் பள்ளிகள் விதிவிலக்கு. பக்கத்துப் பக்கத்து ஊரில் வளர்ந்தும், ஒரு முறைகூட உட்கார்ந்து பேசாமல் பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் நிறைய.

பேச உட்கார்ந்தாலும் மொழி குறுக்கே வரும். அரபு மாணவர்கள் ஹீப்ருவைக் கட்டாயம் படிக்கிறார்கள். யூத மாணவர்களில் சரளமாக அரபு பேசுபவர்கள் குறைவு. அதனால் ஷூட்டிங் ஸ்பாட்டில் பேச்சு தானாக ஹீப்ருவுக்கு நழுவிவிடும். ஒரு தரப்பு மட்டும் எப்போதும் கடன் வாங்கிய மொழியில் வாதாட வேண்டியிருக்கும். இத்தனைக்கும் இரண்டும் சகோதர மொழிகள், இரண்டுமே வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. 'லெஹெம்' என்றால் ஹீப்ருவில் ரொட்டி. அதன் உடன்பிறப்பான 'லஹ்ம்' அரபியில் இறைச்சி. சாப்பாட்டு மேஜையிலேயே சிரிப்புக்குக் குறைவிருக்காது.

மேற்குக்கரைப் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். இஸ்ரேலுக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும். கனடாவின் வான்கூவரில் இயங்கிய 'பீஸ் இட் டுகெதர்' அமைப்பு இஸ்ரேலிய, பாலஸ்தீன, கனடியப் பிள்ளைகளைக் கோடை முகாமுக்கு வரவழைத்து, கலந்த குழுக்களாகப் பிரித்துக் குறும்படம் எடுக்கவைத்தது. சில கிலோமீட்டர் தள்ளியிருப்பவரைச் சந்திக்கக் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

சந்தித்த பிறகு? அதற்கு 2001இல் வெளிவந்த 'பிராமிசஸ்' ஆவணப்படத்தைப் பார்க்க வேண்டும். ஜெருசலேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் ஏழு பிள்ளைகளின் கதை. ஆஸ்கர் போட்டி வரை போனது. இதில் கேமரா பெரியவர்கள் கையில். யூத இரட்டையர்கள் இருவர் டெஹைஷா அகதி முகாமுக்குப் போகிறார்கள். விளையாட்டு, சாப்பாடு, கும்மாளம். அன்றைக்கே ஒரு பாலஸ்தீனச் சிறுவன் அழுகிறான். இயக்குநர் கிளம்பிவிட்டால் இந்த நட்பும் போய்விடும் என்கிறான். அவன் பயந்தபடிதான் ஆனது. கொஞ்ச காலம் போன் பேச்சு, பிறகு அதுவும் தேய்ந்துபோனது.

பெரியவர்களைவிட அந்தச் சிறுவனுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. முகாமுக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயது. பதினெட்டானதும் யூத இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை. அரபுக் குடிமக்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. 'ஆக்கிரமிப்பு அப்படியே இருக்க, சேர்ந்து படம் எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஆகாதா?' என்று பாலஸ்தீனர்கள் பலர் கேட்பதும் நியாயமான கேள்விதான். முகாம் நடத்துபவர்கள் அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காமல், படத்துக்குள்ளேயே கேட்க விட வேண்டும்.

எடுத்த படத்தை அவரவர் ஊரில் போட்டுக் காட்டுவது இன்னொரு பரீட்சை. அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பது மாற்றுத் தரப்பு இல்லை. சொந்த வகுப்புத் தோழர்கள், மாமா, சித்தப்பா. 'அந்த வார்த்தையைப் போட நீ எப்படிச் சம்மதித்தாய்?' என்ற கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும். அப்போது பக்கத்தில் எடிட்டிங் பார்ட்னர் இருக்கமாட்டார்.