சோலையும் சேமநிதியும்

கோத்தகிரிப் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்கு அண்மையில் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். வேலை முடிந்தபின் ஊருக்கு மேலுள்ள சோலையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "அது சர்க்கார் காடு ஐயா, சங்கத்துக்கும் அதற்கும் என்ன?" என்றார் அங்கத்தினர் ஒருவர். அவர் வீட்டுக் குழாயில் வருவது அந்தச் சோலையின் நீர்தான். எனவே அவர் கேள்விக்கு இங்கே விடை கூற விரும்புகிறோம்.

நீலகிரிக்கு வருவோர் பூங்கா மரங்களைக் காணத் தவறுவதில்லை. 1848இல் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவில், 2 கோடி ஆண்டுப் பழமையுடையதெனக் கூறப்படும் கல்லாகிப்போன அடிமரம் உண்டு. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் உருத்திராட்ச மரம் உண்டு. சோலை மரமோ குட்டையானது; மிக மெதுவாக வளர்வது; அதைக் காணச் சீட்டு வாங்குவோர் இல்லை. ஆயினும் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் சிறுகச் சிறுக ஓடையில் விடுவது சோலையும் அதனைச் சூழ்ந்த புல்வெளியுமே. கோத்தகிரியின் 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை, 2024இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கற்பூர மரமும் சீகையும் 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தன. விறகுக்குச் சோலை வெட்டுண்பதை அவை குறைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் ஆலைத் தேவைக்காகப் புல்வெளிகளிலும் அவை பெருமளவில் நடப்பட்டன. சிறுமுகையில் இயங்கிவந்த ரேயான் ஆலைக்கு இம்மலை மரம் சென்றது. ரேயான் நூலைத் தறியில் ஏற்றியவர்கள் நெசவாளர்கள். கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு இன்றும் விறகு வேண்டும். ஆகவே இதில் நமக்குப் பங்கில்லை என்று கூற இயலாது.

பயனிலும் பங்குண்டு. மலையிலிருந்து இறங்கும் பவானியும் மோயாறும் 1955இல் கட்டிமுடிந்த பவானிசாகர் அணையில் கூடி, கீழ்பவானி வாய்க்கால் வழியே வயல்களை நனைக்கின்றன. ஜமக்காளத்துக்குப் பெயர்பெற்ற பவானி நகரும் அந்த ஆற்றங்கரையிலேதான் இருக்கிறது.

இலாபம் முழுவதையும் பங்கீவாகப் பிரித்துக்கொள்ளக் கூட்டுறவுச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரு பகுதி சேமநிதிக்குச் சென்றாக வேண்டும். அந்நிதி எந்த அங்கத்தினர் பெயரிலும் இல்லை. அதனால் அது யாருடையதும் அன்று என்று எவரும் சொல்வதில்லை. காப்புக்காடும் அத்தகையதே. சர்க்கார் அதன் கணக்கப்பிள்ளை; உடையவர்கள் நாம்.

செய்ய வேண்டியவை சில உண்டு. 1962இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இன்று 16 உள்ளன. ஒவ்வொன்றும் தன் விறகு எங்கிருந்து, எவ்வளவு வந்தது என்ற கணக்கைப் பொதுப்பேரவையில் வைக்கட்டும். விறகு மிச்சப்படும் அடுப்புக்கு முதலிடம் தரட்டும். தோட்டத்தில் ஓடையை ஒட்டிய கரையில் அங்கத்தினர்கள் கற்பூர மரத்தைத் தவிர்த்துச் சோலைக் கன்றுகளை நடட்டும். அவற்றின் பயன் நடுகிறவருக்கு உடனே கிட்டாது, சேமநிதியும் அப்படித்தான்.

அடுத்த தணிக்கையில் பேரேட்டைப் பார்த்தபின் ஊர் ஊற்றையும் பார்த்துவிட்டே திரும்புவதென எண்ணியுள்ளோம்.