அலெக்ரோ என்றால் அழுகை அல்ல

ஸ்கார்லாட்டியின் ஒன்பதாவது சொனாட்டா ஒலிப்பதிவு ஒன்றை நேற்றுக் கேட்டேன். பியானோக்காரர் இழவு வீட்டில் வாசிப்பதுபோல் இழுக்கிறார். கேட்டால், டி மைனர் என்றாலே சோகம்தான் என்பார்கள். யார் சொன்னது?

1738 வாக்கில் லண்டனில் அச்சான தொகுப்பில் அதன் தலையிலேயே 'அலெக்ரோ' என்று இருக்கிறது. பிரெஞ்சில் படித்தவன் நான். எங்கள் 'அலேக்ர்' அதன் உறவுதான். பொருள், உற்சாகம். தாளமும் ஆறெட்டு, துள்ளும் நடை.

பின்னாளில் டவுசிக் என்பவர் அதை இ மைனருக்கு மாற்றி, 'பாஸ்டரால்' என்று பெயரிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கீரவாணியும் மைனர் வகைதான். அதில் துரித கீர்த்தனை கேட்டு யாராவது அழுதார்களா?

நான் குமாஸ்தாவாக இருந்தவன். மேலே எழுதிய உத்தரவைக் கீழே இருப்பவன் திருத்தக் கூடாது, ஐயா!