உடம்பு "போதும்"னு சொன்னா கேளுங்க



"எல்லை என்பது மனசுல மட்டும்தான் இருக்கு"

ஓட்டம் பற்றிய ரீல்ஸ் எதைத் திறந்தாலும் இந்த வசனம் வந்து விழுது. ஒரு மருத்துவரா எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணம். மலைப்பாதையில் 100 கிலோமீட்டர் அல்ட்ரா மாரத்தான். 172 பேர் கிளம்பினாங்க. மதியம் மலை மேலே ஆலங்கட்டி, உறைய வைக்கும் மழை, சூறைக்காற்று. பலர் உடம்பில் மெல்லிய டீசர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பட்டியலிலேயே இல்லை.

21 பேர் இறந்து போனாங்க.

அதில் ஒருவர் லியாங் ஜிங். சீனாவின் முன்னணி அல்ட்ரா மாரத்தான் வீரர். அவருக்கா மன உறுதி இல்லை?

நம் உடம்பின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினா முதலில் நடுக்கம். அப்புறம் பேச்சு குழறும். புத்தி மங்கும். "திரும்பிப் போகலாமா" என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே தடுமாறும்.

இங்கதான் அந்த வசனம் அடிபடுது. மனசு குடியிருக்கிற மூளையும் உடம்போட ஓர் உறுப்புதானே!

குளிரில் மட்டும் இல்லைங்க. நீண்ட ஓட்டத்தில் தேவைக்கு மீறி தண்ணீர் குடிச்சா ரத்தத்தில் சோடியம் குறையும், மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவு. குழம்பிப் போய் நிற்பவரைப் பார்த்து "தண்ணி பத்தல போல" என்று இன்னும் ரெண்டு பாட்டில் குடிக்க வைச்சா, நிலைமை மோசமாகும்.

தசைகள் சிதைஞ்சா அதிலிருந்து வரும் மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அந்த நேரத்தில் வலி தெரியாம ஓட டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

அதுக்காக இந்த ஓட்டமே தப்புன்னு சொல்ல வரல. கிரீஸில் ஏதென்ஸ் முதல் ஸ்பார்ட்டா வரை 246 கிலோமீட்டர், 36 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கும் மனிதர்கள் இருக்காங்க. ஆனா அங்கே 75 சோதனைச் சாவடிகள். குறித்த நேரத்தைத் தாண்டினா போட்டியில் இருந்து எடுத்துருவாங்க. "நிறுத்து" என்று சொல்ல வெளியே ஓர் ஆள் வேண்டும். ஏன்னா உள்ளே இருப்பவரால் அதைச் சொல்ல முடியாமல் போகலாம்.

ஆகவே,

கூடவே ஆள் இல்லாமல், மருத்துவ வசதி இல்லாமல் நீண்ட தூரம் ஓடாதீங்க.

நெஞ்சுவலி, மயக்கம், குழப்பம், அடங்காத நடுக்கம், கறுத்த சிறுநீர். இதில் ஒண்ணு வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்க. உடனே மருத்துவமனை போங்க.

கான்சுவில் ஆடு மேய்க்கப் போன ஒருவர், மழையும் குளிரும் வந்ததும் ஒரு குகையில் ஒதுங்கினார். அங்கிருந்து வெளியே வந்து 6 ஓட்டக்காரர்களைக் காப்பாற்றினார்.

ஒதுங்கியதால்தான் அவரால் காப்பாற்ற முடிஞ்சது. பாதியில் திரும்புவது தோல்வி இல்லை நட்புகளே. அடுத்த வருஷமும் ஓடுவதற்கான வழி அதுதான்.