புற்று அல்ல, ஒட்டுண்ணி

தலைநகரின் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் ‘தில்லிக் கொப்புளம்’ எனப்பட்ட தோல் புண்தான் அது. அதன் திசுவில் விநோத ஒட்டுண்ணிகள் இருப்பதை 1885-இல் கொல்கத்தாவில் கன்னிங்ஹாம் எழுதிவைத்தார். அதே லீஷ்மேனியா இனக் கிருமி உள்ளுறுப்புகளைத் தாக்குவதால் வருவது காலா அசார். அந்தக் கிருமியை 1903-இல் நமது சென்னையில் கண்டவர் டோனோவன்.

ராஜஸ்தானின் பிகானேர் மருத்துவர்களுக்கு இப்புண் பழகிய ஒன்று. கொசுவினும் சிறிய மணல் ஈ கடித்து, வாரங்களோ மாதங்களோ சென்றபின் சிறு பரு தோன்றும். பிறகு விளிம்பு தடித்து, நடுவே குழிந்து, ஆறாப் புண்ணாகும். வலி அதிகம் இராது. மூக்கிலோ உதட்டிலோ வந்தால், பழக்கமில்லாத மருத்துவருக்குப் புற்றுநோய் என்றே தோன்றும். நுண்ணோக்கியும் சில வேளைகளில் ஏமாற்றும். புண்ணைச் சுற்றிய தோல் தாறுமாறாகத் தடித்துப் புற்றைப் போலவே காட்சி தரும். நாள்பட்ட புண்ணிலோ ஒட்டுண்ணிகள் அரிது. விளைவு, ஊசி மருந்திலோ வெப்ப சிகிச்சையிலோ ஆறக்கூடிய புண்ணுக்காக உதட்டை வெட்டும் அபாயம்.

காலா அசாரை 2010-க்குள் ஒழிப்போம் என்றது 2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. அது 2015 ஆயிற்று. 2017 நிதிநிலை அறிக்கையில் அந்த ஆண்டே என்றார் அருண் ஜேட்லி. வட்டார அளவில் 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை 2023-இல் எட்டியதாக அரசு கூறியது. தாமதமானாலும் பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த இலக்கு பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் காய்ச்சலுக்கானது. பிகானேரின் புண் அக்கணக்கில் சேராது. உயிரைப் பறிக்காத நோய்க்கு அவையில் குரல் எழுவது கடினம் என்பதைச் செய்தியாளர் மாடத்தில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இப்புண் பாலைவனத்தோடு நிற்பதுமில்லை. இமாசலத்தின் சட்லஜ் பள்ளத்தாக்கிலும், கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் காணப்பட்டிருக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளி அதைச் சுமந்து எந்த நகர மருத்துவமனைக்கும் வரலாம்.

சுகாதார அமைச்சகம் இதற்காகப் புதிய இயக்கம் எதையும் தொடங்க வேண்டியதில்லை. புண்ணைச் சுரண்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையை மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கற்பித்து, கண்டறிந்தவற்றைக் கணக்கில் சேர்த்தால் போதும். அதில் ஒட்டுண்ணி தென்படவில்லை என்பதற்காகப் புற்றுநோயை மறந்துவிடவும் கூடாது. திசுப் பரிசோதனை தேவைதான். அந்தத் திசுவை அனுப்பும் சீட்டில் நோயாளி எந்த ஊரிலிருந்து வந்தவர் என்ற ஒரு வரியையும் மருத்துவர் எழுதியனுப்ப வேண்டும்.